கிடப்பில் கிடக்கும் செம்பு: வாசகர் கேள்வி-பதில்

சபா மாநிலத்தின் ரானாவ் வட்டாரத்தில் 1975 முதல் 1999 வரை இயங்கிய மாமுட் செம்புச் சுரங்கத்தைப் பற்றியும், உலகின் ஒதுக்குப்புறங்களில் துளையிட்டுப் பார்த்தபின் ஆளில்லாமல் விடப்பட்ட செம்பு ஆய்வுக்களங்களைப் பற்றியும் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதையொட்டி வந்த மடல்களில் பெரும்பாலானவை கோலாலம்பூர், பினாங்கு வாசகர்களுடையவை. ஒரே செய்தியைக் கேட்டிருந்தவற்றை ஒன்றாக்கி இங்கே விடை தருகிறோம்.

கேள்வி: ஆய்வுக்களம் என்பதும் கைவிடப்பட்ட சுரங்கம் என்பதும் ஒன்றுதானா? செம்பு இருப்பது தெரிந்த பிறகும் ஏன் விட்டுவிட்டுப் போகிறார்கள்?
— வாசகர், செந்தூல்

தாதுவை வெட்டி எடுத்து விற்ற இடம் சுரங்கம். செம்பு இருப்பதற்கான அறிகுறி தென்பட்டு, ஓடை மணலையும் மண்ணையும் பாறையையும் சோதித்து, சில வேளைகளில் துளையும் போட்டு, அதற்கு மேல் போகாமல் நின்றுவிட்ட இடம் ஆய்வுக்களம். உலகில் சுரங்கங்கள் குறைவு, ஆய்வுக்களங்கள் மிகுதி. ஒவ்வொரு கட்டச் சோதனையிலும் பெரும்பாலான களங்கள் கழிந்துபோவதுதான் இந்தத் தொழிலின் வழக்கம்.

செம்பு இல்லாத பாறை என்று ஒன்று அநேகமாகக் கிடையாது. பூமியின் மேலோட்டில் ஒரு டன் பாறைக்குச் சராசரியாக 60 கிராம் அளவில் செம்பு கலந்திருக்கிறது. திறந்தவெளியில் வெட்டும் பெரிய சுரங்கங்களுக்கே ஒரு டன்னில் ஏறத்தாழ 5 கிலோ, அதாவது அரை சதவீதம் வேண்டும். ஆகவே இயற்கை ஓரிடத்தில் செம்பை எண்பது மடங்குக்கு மேல் திரட்டி வைத்திருந்தால்தான் பேச்சே தொடங்கும். அப்படித் திரண்ட பாறையும் போதிய பருமனோடு, வெட்டக்கூடிய ஆழத்தில், சாலையும் மின்சாரமும் தண்ணீரும் எட்டும் தொலைவில் இருக்க வேண்டும். இவற்றில் ஏதேனும் ஒன்று குறைந்தால் களம் கிடப்பில் போகும். விலை வீழ்ச்சி, நிறுவனத்தின் பணமுடை, உரிமச் சிக்கல் என்று வெளியில் சொல்லப்படும் காரணங்கள் பல. ஆனால் பழைய அறிக்கைகளைப் புரட்டினால் பெரும்பாலும் பாறைதான் முதலில் கைவிரித்திருப்பது தெரியும்.

கேள்வி: கைபேசிக் குழு ஒன்றில் விளம்பரம் வந்தது. கடல் கடந்த ஒரு தீவின் மலைக்காட்டில் பல ஆண்டுகளாக யாரும் தொடாத செம்புக்களம் இருக்கிறதாம். அங்கே எடுத்த கல்லில் 12 சதவீதம் செம்பு இருந்ததாக ஆய்வுக்கூடச் சான்றிதழும் இணைத்திருக்கிறார்கள். 20,000 ரிங்கிட் கட்டினால் பங்கு கிடைக்குமாம். என் கணவர் போடலாம் என்கிறார். நீங்களே அரை சதவீதம் போதும் என்று எழுதுகிறீர்கள். அப்படியானால் 12 சதவீதம் மிகப் பெரிய அளவுதானே?
— வாசகி, பிரிக்பீல்ட்ஸ்

அம்மா, அந்தச் சான்றிதழ் உண்மையானதாகவே இருக்கலாம். ஆய்வுக்கூடம் தனக்குக் கொடுக்கப்பட்ட கல்லைச் சோதித்துச் சொல்கிறது. அந்தக் கல்லை யார், எங்கே, எப்படித் தேர்ந்தெடுத்தார் என்பது அதற்குத் தெரியாது. கண்ணுக்குப் பச்சையாகத் தெரிந்த துண்டை மட்டும் எடுத்து அனுப்பிவிட்டு மலை முழுவதும் இப்படித்தான் என்று சொல்வது, பாயசத்தில் முந்திரியை மட்டும் பொறுக்கிக் காட்டி அண்டா நிறைய முந்திரி என்பதைப் போன்றது. பச்சை நிற மாலகைட் கனிமத்தின் எடையில் 57 சதவீதத்துக்கும் மேல் செம்புதான். ஆகவே ஒரு கல்லில் ஐந்தில் ஒரு பங்கு மாலகைட் இருந்தாலே ஏறத்தாழ 12 சதவீதம் வந்துவிடும். உள்ளங்கை அளவுள்ள அத்தகைய கற்கள் எந்தச் சுரங்கத்துக்கும் உதவாத மலைகளிலும் கிடைக்கின்றன.

அந்த 12 சதவீதத்தை நம்பியே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். செம்பு 30 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு நரம்பில், அதாவது பாறை விரிசலை நிரப்பிய கனிமப் பட்டையில், இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த நரம்பு 100 மீட்டர் நீளமும் 50 மீட்டர் ஆழமும் உள்ளதென்றால் அதன் கொள்ளளவு 1,500 கன மீட்டர், எடை சுமார் 4,200 டன். முழுவதும் 12 சதவீதம் என்றாலும் கிடைப்பது ஏறத்தாழ 500 டன் செம்பு. மாமுட் தன் வாழ்நாளில் ஏறத்தாழ 600,000 டன் செம்பைத் தந்தது. அதன் தாதுவில் இருந்தது அரை சதவீதத்தை ஒட்டிய செம்புதான். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 30 சென்டிமீட்டர் இடுக்கில் ஆள் நுழைந்து வெட்ட முடியாது. ஒன்றரை மீட்டர் அகலத்துக்காவது குடைய வேண்டும். அப்போது இருபுறமும் உள்ள வெறும் பாறையும் சேர்ந்து வெளியே வருவதால் 12 சதவீதம் 2.4 சதவீதமாகக் கரைந்துவிடும். அந்த 500 டன்னுக்காக மலைக்காட்டில் சாலை போட்டு, ஆலை அமைத்து, துறைமுகம் வரை ஏற்றிச் செல்லும் செலவை யார் தாங்குவார்?

துளையிட்ட முடிவுகளைக் காட்டினாலும் அப்படியே ஏற்க வேண்டாம். செங்குத்தாக நிற்கும் நரம்பைக் குறுக்கே துளைக்காமல் அதன் வழியாகவே கீழ்நோக்கித் துளைத்தால், 30 சென்டிமீட்டர் அகலமுள்ளது அறிக்கையில் 40 மீட்டர் நீளத் தாதுவாகத் தோன்றும். உண்மையான அகலம் எவ்வளவு என்று கேளுங்கள். எத்தனை துளைகளில் ஒன்றும் கிடைக்கவில்லை என்றும் கேளுங்கள்; அந்த எண்ணைச் சொல்லத் தயங்குபவரிடம் பணம் கொடுக்க வேண்டியதில்லை. துளையிலிருந்து எடுத்த உருளைக் கல்லை நீளவாக்கில் பிளந்து, ஒரு பாதியைச் சோதனைக்கு அனுப்பி, மறுபாதியைப் பெட்டியில் பாதுகாப்பது முறை. காலிமந்தானின் பூசாங் தங்கக்களத்தில் அந்த மறுபாதி இல்லை, கல் முழுவதும் அரைக்கப்பட்டது. மாதிரிகளில் வெளியிலிருந்து தங்கத்தூள் கலக்கப்பட்டிருந்தது 1997-இல் வெளிப்பட்டபோது கனடாவின் பங்குச் சந்தையே ஆட்டம் கண்டது. கனிமக் களங்களைப் பற்றிய அறிக்கைகளுக்குக் கனடா 2001-இல் கடுமையான விதிகளைக் கொண்டுவந்ததற்கு அதுவே உடனடிக் காரணம்.

ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் உள்ள விதிமுறைகளின்படி, தகுதி பெற்ற நிலவியலாளர் ஒருவர் தம் பெயரைப் போட்டுப் பொறுப்பேற்காத எந்தக் கையிருப்பு எண்ணையும் முதலீட்டாளரிடம் காட்டக் கூடாது. நம் நாட்டிலும் 2008-ஆம் ஆண்டின் நிலவியலாளர் சட்டம் இத்தொழில் செய்வோர் பதிவு பெறுவதை வேண்டுகிறது. உங்களுக்கு வந்த விளம்பரத்தில் அப்படியொரு பெயர் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. அது இல்லையென்றால் கணவரைக் கட்டாயம் தடுத்துவிடுங்கள்.

கேள்வி: பேராக்கிலும் சிலாங்கூரிலும் நூறாண்டுகளுக்கு மேல் ஈயம் (வெள்ளீயம்) எடுத்தார்கள். கோலாலம்பூர் நகரமே ஈயத்தால் உருவானது. அதே மலைகளில் செம்பு கிடைக்காமல் சபாவில் மட்டும் கிடைத்தது எப்படி?
— வாசகர், கெப்போங்

இந்த முறை வந்த கேள்விகளில் எமக்கு மிகவும் பிடித்தது இதுதான். விடை கருங்கற்பாறை பிறந்த விதத்திலேயே இருக்கிறது.

தீபகற்பத்தின் முதுகெலும்பாக நிற்கும் நடுமலைத் தொடரின் கருங்கல் 200 மில்லியன் ஆண்டுகளுக்கும் முன், இரு நிலத்துண்டுகள் மோதி ஒட்டியபோது உருவானது. அந்த ஒட்டுத் தழும்பு இன்றும் பெந்தோங், ரவூப் வழியாக வடக்கு தெற்காக ஓடுகிறது. மோதலில் தடித்த பழைய மேலோடு, தன்னுள் இருந்த களிமண் படிவுகளோடு சேர்ந்து உருகியது. கரிமம் கலந்த அத்தகைய படிவுகளிலிருந்து வரும் பாறைக்குழம்பில் ஆக்சிஜனின் ஆதிக்கம் குறைவு. ஜப்பானிய நிலவியலாளர் ஷுன்சோ இஷிஹாரா 1977-இல் உலகின் கருங்கற்களைக் காந்தக்கல் கனிமமான மாக்னடைட் உள்ளவை, இல்மனைட் உள்ளவை என்று இரண்டாகப் பிரித்தார். ஆக்சிஜன் மிகுந்த குழம்பில் மாக்னடைட் படியும், குறைந்த குழம்பில் இல்மனைட் படியும். நடுமலைத் தொடர் பெரும்பாலும் இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

ஈயமும் செம்பும் இந்த ஆக்சிஜன் விஷயத்தில் நேர் எதிராக நடந்துகொள்கின்றன. ஆக்சிஜன் குறைந்த குழம்பில், முதலில் படியும் சாதாரணக் கனிமங்களுக்குள் ஈயத்தால் நுழைய முடிவதில்லை. அது கடைசி வரை எஞ்சிய குழம்பிலேயே தங்கிச் செறிந்து, முடிவில் வெந்நீரோடு வெளியேறி நரம்புகளில் படிகிறது. செம்போ அதே குழம்பில் கந்தகத்தோடு முன்னதாகவே சேர்ந்து சல்ஃபைடு துளிகளாகி அடியில் தங்கிவிடும். மேலே வர வழியில்லை. ஆக்சிஜன் மிகுந்த குழம்பில் கதை தலைகீழாகும். அங்கே கந்தகம் சல்ஃபேட்டாகக் கரைந்திருப்பதால் செம்பு பிடிபடாமல் மேல்மட்டம் வரை பயணம் செய்யும், ஈயம் தொடக்கத்திலேயே கனிமங்களுக்குள் சிதறி வீணாகும். ஒரே மலையில் இரண்டையும் பெருவளமாகக் காண்பது ஏன் அரிது என்பதற்கு இதுவே அடிப்படை.

கினாபாலு மலை வேறொரு காலத்தைச் சேர்ந்தது. பழைய தென்சீனக் கடலின் அடித்தட்டு போர்னியோவுக்குக் கீழே அமிழ்ந்து முடிந்து வெகு காலத்துக்குப் பின், இன்றைக்கு 7 முதல் 8 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்தான் அந்தக் கருங்கல் ஊடுருவி உறைந்தது. 4,095 மீட்டர் உயரமுள்ள அந்த மலையின் தென்கிழக்குச் சரிவில், ஏறத்தாழ அதே வயதுள்ள சிறிய ஊடுருவுப் பாறை ஒன்று, பழைய கடலடிப் பாறையான செர்பென்டினைட்டையும் மணற்கல் படிவுகளையும் துளைத்துக்கொண்டு ஏறியது. மாமுட்டின் செம்பு அந்தப் பாறையிலும் அதைச் சுற்றி வெந்த பாறையிலும் படிந்தது. இளமை இங்கே பெரிய சலுகை. இத்தகைய செம்புப் படிவுகள் தரைக்குக் கீழே சில கிலோமீட்டர் ஆழத்துக்குள்ளேயே உருவாவதால், நாட்பட நாட்பட மழையும் ஆறும் அவற்றை அரித்துத் தீர்த்துவிடுகின்றன. 200 மில்லியன் ஆண்டு அரிப்புக்குத் தப்புவது கடினம்.

தீபகற்பத்தில் செம்பே இல்லை என்று பொருள் கொள்ள வேண்டாம். பகாங்கின் மெங்காபூரில் ஊடுருவுப் பாறை சுண்ணாம்புக்கல்லைத் தொட்ட இடத்தில், இரும்புக் கனிமங்களோடு செம்பும் படிந்திருக்கிறது. இப்படித் தொடும் இடத்தில் சுண்ணாம்புக்கல் வெந்து உருமாறிய பாறைக்கு ஸ்கார்ன் என்று பெயர். ஆயினும் கிந்தா பள்ளத்தாக்கின் ஈயத்தோடு ஒப்பிடத்தக்க செம்பு இங்கே இல்லை.

தேடும் முறையையும் இந்த வேறுபாடு மாற்றிவிட்டது. ஈயக் கனிமம் கனமானது, எளிதில் கரையாதது. மலை அரிபட்டாலும் அது ஆற்றுப்படுகையில் சேர்ந்து கிடக்கும். அதனால்தான் படிப்பறிவில்லாத ஏழைப் பெண்களும் டூலாங் தட்டில் மணலை அலசி ஈயத்தைக் கண்டெடுக்க முடிந்தது. செம்பின் சல்ஃபைடு கனிமங்கள் நம் ஊர் மழையில் கரைந்துவிடும், தட்டில் எதுவும் மிஞ்சாது. ஓடை மணலை ஆய்வுக்கூடத்தில் கரைத்து, பத்து லட்சத்தில் எத்தனை பங்கு செம்பு என்று அளந்தால்தான் தடயம் கிடைக்கும். 1960-களின் நடுவில் ஐக்கிய நாடுகள் அமைப்பின் உதவியோடு லாபுக் பள்ளத்தாக்கில் நடந்த அத்தகைய ஓடை மணல் ஆய்வே மாமுட்டைக் காட்டிக் கொடுத்தது.

கேள்வி: பினாங்கு மலையில் நடைபயிற்சிக்குப் போகும் வழியில் ஒரு பாறை முழுவதும் பச்சையாக இருக்கிறது. செம்பாக இருக்குமா?
— வாசகர், ஆயர் ஈத்தாம்

பெரும்பாலும் பாசியாகத்தான் இருக்கும். ஈரத் துணியால் தேய்த்துப் பாருங்கள். தேய்த்தும் போகாத மங்கிய பச்சை என்றால் குளோரைட் என்னும் சாதாரணக் கனிமமாக இருக்கலாம். பினாங்குத் தீவின் மலைகள் கருங்கல்லால் ஆனவை. அதன் கதை மேலே சொன்ன நடுமலைத் தொடரின் கதையேதான். கல்லை உடைத்துப் பார்க்க வேண்டாம்.

கேள்வி: பழைய செம்புக்களம் ஒன்றைப் பற்றிய அறிக்கையில் "பொட்டாசிய மாற்றம்", "செரிசைட் மாற்றம்" என்றெல்லாம் எழுதியிருந்தது. செம்பு எவ்வளவு என்பதை விட்டுவிட்டு இவற்றை ஏன் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள்?
— நிலவியல் பயிலும் வாசகி, குளுகோர்

உலகின் செம்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு போர்ஃபிரி எனப்படும் வகைப் படிவுகளிலிருந்து வருகிறது. ஆழத்தில் உள்ள பெரிய குழம்புத் தேக்கத்திலிருந்து விரல் போன்ற கிளைகள் மேலெழுந்து, தரைக்குக் கீழே ஒன்று முதல் நான்கு கிலோமீட்டரில் உறைகின்றன. உறையும்போது பிரியும் கொதிநீர், குளோரினோடு பிணைந்த செம்பையும் கந்தகத்தையும் சுமந்துகொண்டு, தன் அழுத்தத்தால் பாறையை ஆயிரக்கணக்கான மெல்லிய விரிசல்களாக உடைத்துப் புகுகிறது. நீர் குளிரும் வழியெங்கும் பாறையின் கனிமங்களை மாற்றிக்கொண்டே போகிறது. அறிக்கையில் நீங்கள் படித்த "மாற்றம்" இதுதான். மையத்தில் வெப்பம் மிகுந்த இடத்தில் கருநிற பயோடைட்டும் பொட்டாசியம் கலந்த ஃபெல்ஸ்பாரும் புதிதாக உருவாகும். அதைச் சுற்றியும் மேலேயும் வெளிறிய செரிசைட்டும் குவார்ட்ஸும், இரும்புச் சல்ஃபைடான பைரைட்டும் உருவாகும். வெளிவட்டத்தில் குளோரைட், எபிடோட் என்னும் பச்சைக் கனிமங்கள் தோன்றும். செம்பு பெரும்பாலும் மையப் பகுதியிலும் அதன் விளிம்பிலும் இருக்கும். பைரைட் அதற்கு வெளியேயும் வெகுதூரம் பரந்திருக்கும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருவோம். ஒரு துளையில் செம்பு குறைவாக இருந்தது என்ற எண் அந்தத் துளையைப் பற்றி மட்டும் பேசுகிறது. அங்கே இருந்தது செரிசைட்டா குளோரைட்டா என்ற குறிப்போ, மையம் எந்தத் திசையில், எவ்வளவு தொலைவில் இருக்கக்கூடும் என்று சொல்கிறது. அரிசோனாவில் நிலவியலாளர் டேவிட் லோவெல் செய்தது இதைத்தான். சான் மானுவல் சுரங்கத்தின் தாதுவுடல் குழாய் வடிவில் சாய்ந்து கிடப்பதையும், பெரிய பிளவு ஒன்று அதை வெட்டியிருப்பதையும் மாற்ற வளையங்களின் அமைப்பிலிருந்து அவர் உணர்ந்தார். வெட்டுண்ட மறுபாதி பிளவின் மேல்பக்கத்தில் சரிந்து எங்கோ கிடக்க வேண்டும் என்று கணித்துத் துளையிட்டார். 1965-இல் கலமசூ என்னும் அந்த மறுபாதி கிடைத்தது. ஜான் கில்பர்ட்டுடன் சேர்ந்து 1970-இல் அவர் வெளியிட்ட மாற்ற வளைய மாதிரி இன்றளவும் வகுப்பறைகளில் வரைந்து காட்டப்படுகிறது. நீங்களும் அதைத் தேர்வில் வரைந்திருப்பீர்கள். புத்தகப் படத்தில் குழாய் நேராக நிற்கும் என்பதையும், லோவெலுக்கு வெற்றி தந்த குழாய் படுத்துக் கிடந்தது என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

கிடப்பில் உள்ள களத்துக்கு முதன்முதலாகப் போகும் நிலவியலாளர் ஆகவே பழைய துளைக் கற்களைத்தான் தேடிப் போவார். மழைக்காட்டில் மரப்பெட்டிகள் சில ஆண்டுகளில் கறையானுக்கு இரையாகி, எந்தக் கல் எந்த ஆழத்திலிருந்து வந்தது என்ற அடையாளம் அழிந்துவிடும். அப்படி அழிந்தால், துளையிட்ட செலவில் பாதிக்கு மேல் மண்ணோடு போயிற்று என்றே எண்ணிக்கொள்ள வேண்டும்.

கேள்வி: உண்மையிலேயே பெரிய படிவு ஒன்று கண்டுபிடிக்கப்பட்டு, பிறகு கண்டுகொள்ளப்படாமல் கிடந்தது உண்டா? செயற்கைக்கோள் காலத்தில் அப்படியும் நடக்குமா?
— வாசகர், பட்டர்வொர்த்

உண்டு. மேற்குப் பாப்புவாவின் எர்ட்ஸ்பெர்க் அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 1936-இல் கார்ஸ்டென்ஸ் சிகரத்தை நோக்கிச் சென்ற டச்சுக் குழுவில் இருந்த ஜான் ஜாக் டோசி என்னும் இளம் நிலவியலாளர், 3,500 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், வெளிறிய சுண்ணாம்புக்கல் பள்ளத்தாக்கின் நடுவே தனித்து நிமிர்ந்து நின்ற கரிய பாறையைக் கண்டார். சுற்றியிருந்த சுண்ணாம்புக்கல் அரிபட்டுப் போக, மாக்னடைட் நிறைந்த ஸ்கார்ன் மட்டும் அரிப்பைத் தாங்கி எஞ்சி நின்றதால் வந்த தோற்றம் அது. அதில் செம்பு இருப்பதை மாதிரிகள் காட்டின. டோசியின் ஆய்வுரை 1939-இல் லெய்டன் நகரில் வெளியானது. அதே ஆண்டு ஐரோப்பாவில் போர் மூண்டது. அறிக்கை நூலகத்தில் தூங்கியது. இரண்டு பத்தாண்டுகள் கழித்து அமெரிக்க நிறுவனமொன்றின் நிலவியலாளர் ஃபோர்ப்ஸ் வில்சன் அதைப் பற்றி அறிந்து, 1960-இல் கால்நடையாக மலையேறி அதே பாறையைத் தொட்டார். அதற்குப் பிறகும் சுரங்கம் இயங்க 1972 ஆயிற்று. கடற்கரையிலிருந்து சதுப்பும் செங்குத்து மலையுமாக நூறு கிலோமீட்டருக்கு மேல் சாலை போட வேண்டியிருந்தது. பாறையில் இருந்த செம்பு இரண்டு சதவீதத்துக்கும் மேல் என்பதால் மட்டுமே அந்தச் செலவு கட்டுப்படியானது.

கதையின் இரண்டாம் பகுதி எமக்கு இன்னும் வியப்பைத் தருகிறது. எர்ட்ஸ்பெர்க்கிலிருந்து சுமார் மூன்று கிலோமீட்டரிலேயே, புல் மூடிய கிராஸ்பெர்க் மலை அத்தனை ஆண்டுகளும் எல்லார் கண்ணெதிரிலும் நின்றிருந்தது. அதனுள் எர்ட்ஸ்பெர்க்கை விடப் பன்மடங்கு பெரிய செம்பும் தங்கமும் இருப்பது 1988-இல்தான் துளையிட்டுத் தெரிந்தது. பைரைட் மழைநீரோடும் காற்றோடும் வினைபுரிந்து கந்தக அமிலமாகிறது. அந்த அமிலம் மேல்பகுதிச் செம்பைக் கரைத்துக் கீழே கொண்டுபோய்விடுவதால், உச்சியில் துரு நிறமும் வெறுமையுமே மிஞ்சும். சிலியின் அட்டகாமா போன்ற வறண்ட நிலத்தில் கரைந்த செம்பு நிலத்தடி நீர்மட்டத்தில் மீண்டும் படிந்து, தடித்த வளமான அடுக்காகச் சேர்கிறது. மழையும் அரிப்பும் மிகுந்த மலைகளிலோ அந்த அடுக்கு தங்குவதற்குள் அடித்துச் செல்லப்படுகிறது. ஆகவே வெளியில் பச்சை மின்னும் மலை வெறுமையாகவும், துருப்பிடித்த மலை நிறைவாகவும் இருக்கக்கூடும். செயற்கைக்கோள் படம் தரையின் மேற்பரப்பைத்தான் பார்க்கிறது. காட்டுக்கும் புல்லுக்கும் அடியில் என்ன என்பதை இன்றும் துளையிட்டே அறிய வேண்டியிருக்கிறது.

கேள்வி: தோண்டாமல் விட்ட களத்தால் ஆற்றுக்கு ஆபத்து இல்லைதானே?
— வாசகி, செராஸ்

முழுமையாக அப்படிச் சொல்ல முடியாது. மேலே சொன்ன அதே பைரைட்தான் இங்கேயும் பொறுப்பு. துளைமேடைக்குப் போக வெட்டிய சாலை, சோதனைக்காகக் குடைந்த சுரங்கவழி, மூடாமல் விட்ட துளை ஆகியவை புதிய பாறையைக் காற்றுக்குக் காட்டுகின்றன. அதில் ஊறி வரும் நீர் அமிலமாகி, செம்பையும் பிற உலோகங்களையும் கரைத்துக்கொண்டு ஓடையில் கலக்கும். சுற்றிலும் சுண்ணாம்புக்கல் இருந்தால் அமிலம் பெரிதும் தணியும், கருங்கல்லும் மணற்கல்லுமாக இருந்தால் தணியாது. மனிதர் கைபடாத மலைகளிலும் இயற்கையாகவே துருநீர் ஓடைகள் உண்டு. எனவே ஒரு களத்தில் முதல் துளைக்கு முன்பே ஓடை நீரை அளந்து பதிவு செய்வது நல்ல நடைமுறை; இல்லையென்றால் பின்னாளில் எது இயற்கை, எது மனிதர் செய்தது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அளவில் மட்டும் சுரங்கத்துக்கும் களத்துக்கும் பெரும் வேறுபாடு உண்டு. மாமுட்டின் வெட்டுக்குழியில் இன்று தேங்கியிருக்கும் ஏரியின் நீர் கடும் அமிலத்தன்மை கொண்டது. சில துளைகள் மட்டும் போட்ட களம் அந்த அளவுக்குப் போகாது.

இந்த அச்சமே ஒரு பெரிய களத்தைக் கிடப்பில் போட்டதும் உண்டு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தின் வடமேற்கு மூலையில், பனியாறுகளுக்கு நடுவே உள்ள விண்டி கிராகியில் செம்பு 1958-இல் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 300 மில்லியன் டன் தாது, அதுவும் ஒரு சதவீதத்துக்கு மேல் செம்போடு. பழங்காலக் கடலடி வெந்நீர் ஊற்றுகளில் படிந்த அந்தத் தாது பெரும்பாலும் இரும்புச் சல்ஃபைடுகளால் ஆனது. நிலநடுக்கம் மிகுந்த அந்த மலையில் அதன் கழிவை எங்கே தேக்கினாலும் ஆறுகளுக்கு ஆபத்து என்ற வாதம் வலுத்தது. 1993-இல் பிரிட்டிஷ் கொலம்பிய அரசு அந்தப் பகுதி முழுவதையும் பூங்காவாக அறிவித்தது. பாறை தேர்ச்சி பெற்றும் மூடப்பட்ட களம் என்பதால் அதை விதிவிலக்காகவே கொள்ள வேண்டும்.

கேள்வி: என் தந்தையார் 1980-களில் ரானாவில் லாரி ஓட்டினார். அங்கிருந்து கொண்டு வந்த பொன்னிறக் கல் ஒன்று வீட்டில் இருக்கிறது. தங்கம் என்று பாட்டி கடைசி வரை நம்பினார். அது செம்புத் தாதுவா, வெறும் பைரைட்டா என்று வீட்டிலேயே அறிய வழி உண்டா?
— வாசகர், ஜெலுத்தோங்

உண்டு. பொன்னிறத் துகள் ஒன்றைப் பேனாக்கத்தியால் கீறிப் பாருங்கள். எளிதில் கீறல் விழுந்து நொறுங்கினால் அது செம்புத் தாதுவான சால்கோபைரைட்டாக இருக்கக்கூடும். கத்தி வழுக்கிக்கொண்டு போனால் பைரைட். நிறத்தையும் பாருங்கள். சால்கோபைரைட் பித்தளையின் அடர்மஞ்சள், பழசானால் மேற்பரப்பில் நீலமும் ஊதாவும் கலந்த வானவில் நிறம் படரும். பைரைட் வெளிர்மஞ்சள், பல நேரங்களில் கனசதுர வடிவில் இருக்கும். காந்தத்தை அருகில் கொண்டுபோனால் மெல்ல இழுக்கும் வெண்கல நிறத் துகள்களும் இருந்தால், அவை மாமுட்டில் செம்போடு சேர்ந்து கிடைத்த பைரோட்டைட்டாக இருக்கலாம். பாட்டி சொன்ன தங்கத்தையும் சோதித்துவிடலாம். மெருகில்லாத ஓட்டின் பின்புறத்தில் கல்லைத் தேய்த்தால் தங்கம் மஞ்சள் கோடு போடும், மற்றவை கருமையான கோடு போடும். மாமுட் தாதுவில் தங்கம் இருந்தது உண்மைதான். சுரங்கம் தந்த தங்கம் ஏறத்தாழ 45 டன். ஆனால் ஒரு டன் பாறைக்குக் கிராம் கணக்கில்கூட முழுதாக வராத அந்தத் தங்கம் கண்ணுக்குத் தெரியாது.

கல்லை ஈரமில்லாத இடத்தில், காகிதத்தில் சுற்றி வையுங்கள். சல்ஃபைடு கனிமங்கள் நம் ஊர் ஈரக்காற்றில் மெல்லச் சிதைந்து, வைத்திருக்கும் பெட்டியையும் அரிக்கும். தொட்டபின் கை கழுவுவது நல்லது. இந்தச் சோதனைகளுக்குப் பிறகும் ஐயம் தீராவிட்டால், ஈப்போவில் கனிம, புவி அறிவியல் துறை நடத்தும் நிலவியல் காட்சியகத்துக்கு ஒரு வேலை நாளில், முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுக்கொண்டு, கல்லோடு போய் வாருங்கள்.